‘உலு’ யாருக்குத் தூரம்?



இந்த மாதப் பாடத்துக்கு நம் வீடுகளில் நடக்கும் ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பிள்ளை டாக்டருக்குப் படித்துப் பட்டம் வாங்கிய அன்று வீடே கொண்டாடும். ஐஸ்கிரீம், கேக், உறவினர் கூட்டம் எல்லாம் இருக்கும். பிறகு பணியிடக் கடிதம் வரும். அதில் சபா என்றோ சரவாக் என்றோ எழுதியிருந்தால், கொண்டாடிய அதே வீடு துக்க வீடாகிவிடும். “இவ்வளவு செலவு பண்ணிப் படிக்க வச்சது அந்த உலுவுக்குப் போறதுக்கா? அப்பீல் போடும்மா” என்பார்கள்.

பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பேச்சில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. நம் பிள்ளை போகாவிட்டால், அந்த ‘உலு’வில் இருப்பவர் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவார்? இன்றைய பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

நான் மருத்துவ உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இன்று அந்தப் பதவியை உதவி மருத்துவ அதிகாரி என்கிறார்கள். பணிக்காலத்தில் 6 வருடம் சரவாக்கில், ராஜாங் ஆற்றுக்கு மேலே, படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு கிளினிக்கில் இருந்தேன். அங்கே பார்த்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பற்றாக்குறை என்றால் என்ன?

‘டாக்டர் பற்றாக்குறை’ என்றதும் நாட்டில் டாக்டர்களே குறைவு என்று நினைத்துவிடுகிறோம். எண்ணிக்கை ஒரு பக்கம்தான். இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது இன்னொரு பக்கம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2010ல் கிராமப்புறச் சுகாதாரப் பணியாளர் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கிராமப்புறத்தில் வாழ்கிறார்கள் என்று அது சொன்னது. ஆனால் தாதியர்களில் 38 விழுக்காட்டினர்தான் அங்கே வேலை செய்கிறார்கள். டாக்டர்களில் கால் பங்குகூட அங்கே இல்லை.

இதை நம் வகுப்பறைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 100 பேருக்கு 4 டாக்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். நகரத்து 50 பேருக்கு 3 டாக்டர்களுக்கு மேல் கிடைக்கிறார்கள். கிராமத்து 50 பேருக்கு ஒருவர்கூட முழுசாக இல்லை. மொத்தத்தில் டாக்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும், பங்கீடு இப்படியே இருந்தால் இடைவெளியும் இப்படியேதான் இருக்கும்.

என் அனுபவத்தில் பற்றாக்குறை மூன்று வகை.

முதல் வகை, பதவியே காலி. நாற்காலி இருக்கும், உட்கார ஆள் இருக்காது.

இரண்டாவது, ஆள் வருகிறார், ஆனால் நிற்பதில்லை. ஒரு வருடத்தில் மாற்றல் வாங்கிப் போய்விடுகிறார். ஊர் மக்கள் ஒவ்வொரு முறையும் புதியவரிடம் தங்கள் நோயின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஆளும் இருக்கிறார், கிளினிக்கும் திறந்திருக்கிறது, ஆனால் போய்ச் சேர முடியவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிக்கு 1 வெள்ளிதான் கட்டணம். இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்? ஆனால் மேலாற்றிலிருந்து வருகிறவர் படகு எண்ணெய்க்குக் கொடுப்பது அதைப்போல் பல மடங்கு. கூடவே ஒரு நாள் வேலையும் போய்விடும். அதனால் வலி தாங்க முடியாமல் போகும்போதுதான் புறப்படுவார்கள். அதற்குள் சின்னப் புண் பெரிய புண்ணாகியிருக்கும்.

இந்த நிலைமைக்கு மருத்துவ உலகில் ஒரு பெயரே உண்டு. வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இருந்தார். 1971ல் ‘லேன்செட்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ பற்றியது. நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அந்த விதியின் சாரம். சந்தைக்கு எந்த அளவு விட்டுவிடுகிறோமோ அந்த அளவுக்கு இது மோசமாகும் என்றும் அவர் எச்சரித்தார். 50 வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கட்டுரையை மருத்துவ மாணவர்கள் இன்னும் படிக்கிறார்கள்.

நம் நாடு ஒருமுறை சாதித்துக் காட்டியது

சரி, இதை மாற்றவே முடியாதா? முடியும். நம் நாட்டிலேயே மாற்றியிருக்கிறோம். அந்தக் கதை நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது.

1957ல், சுதந்திரம் கிடைத்த வருடம், 100,000 உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறக்குறைய 280 தாய்மார்கள் பிரசவத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்தார்கள். 1970ல் அது 141ஆகக் குறைந்தது. 1990ல் 20க்கும் கீழே வந்துவிட்டது. பணக்கார நாடுகளை எட்டிப் பிடிக்கும் அளவு இது. மலேசியாவும் இலங்கையும் குறைந்த செலவில் இதைச் செய்தன என்று உலக வங்கி தனியாக ஓர் ஆய்வு நூலே வெளியிட்டது.

எப்படிச் செய்தார்கள்? ஊருக்கு ஊர் டாக்டரை உட்கார வைத்தா? அவ்வளவு டாக்டர்கள் அப்போது நாட்டிலேயே கிடையாது.

திட்டம் இதுதான். 50,000 பேருக்கு ஒரு பெரிய சுகாதார நிலையம். அதன் கீழ் 10,000 பேருக்கு ஒன்று என்று துணை நிலையங்கள். அதற்கும் கீழே 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி கிளினிக். இந்தக் கடைசிக் கிளினிக்கில்தான் விஷயம் இருக்கிறது. முன்பக்கம் கிளினிக், அதோடு ஒட்டியே மருத்துவச்சி குடியிருக்கும் வீடு. ராத்திரி 2 மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இருப்பார். கட்டடம் கட்டும்போதே ‘இங்கே ஒருவர் வாழப் போகிறார்’ என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தப் பெண்களுக்குக் கெடா, ஜித்ராவில் இருந்த கிராமச் சுகாதாரப் பயிற்சிப் பள்ளி போன்ற இடங்களில் பயிற்சி கொடுத்தார்கள். ஊரில் ஏற்கெனவே பிரசவம் பார்த்துவந்த கம்பத்து மருத்துவச்சிகளை விரட்டவும் இல்லை. அவர்களுக்கும் பயிற்சி கொடுத்து, ஆபத்தான பிரசவத்தை உடனே அனுப்பிவைக்கச் சொல்லி, கூட்டாளிகளாக்கிக்கொண்டார்கள். பிறகு 1970களில் இந்த மூன்றடுக்கு முறை இரண்டடுக்காக மாறியது. இன்று நாம் பார்க்கும் கிராமக் கிளினிக்கும் சுகாதாரக் கிளினிக்கும் அதன் வாரிசுகள்.

1989ல் இன்னொரு எளிய கருவி வந்தது. கர்ப்பிணிப் பெண்ணின் பதிவேட்டில் நிறக் குறியீடு. வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் கிளினிக் டாக்டரும் சேர்ந்து கவனிக்க வேண்டும். மஞ்சள் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கோ நிபுணரிடமோ காட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. டாக்டர் பக்கத்தில் இல்லாத இடத்திலும் டாக்டரின் தீர்ப்பைத் தாதியின் கையில் கொடுத்த வித்தை இது. உங்கள் அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டுப் பாருங்கள், அவர்கள் புத்தகத்திலும் அந்த நிற ஸ்டிக்கர் இருக்கும்.

தோட்டத்தில் நமக்கு யார் வைத்தியம் பார்த்தது?

இப்போது நம் சொந்தக் கதைக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். அன்றைக்கு நகரத்துக்காரர்களின் கண்ணில் தோட்டமும் ‘உலு’தான்.

ஆரம்பக் காலத்தில் காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது மலேரியாவில் செத்தவர்களுக்குக் கணக்கு வைத்து மாளாது. பிறகு பிரிட்டிஷ் ஆட்சியின் தொழிலாளர் சட்டங்கள் தோட்ட முதலாளிகளுக்கு ஆஸ்பத்திரி வைக்கும் பொறுப்பைக் கொடுத்தன. டாக்டர் எப்போதாவதுதான் வந்து எட்டிப் பார்ப்பார். தினமும் அங்கே இருந்தவர் டிரசர்.

நம் பெரியவர்களிடம் ‘டிரசர் ஐயா’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். புண்ணுக்குக் கட்டுப் போட்டவர், கொயினா மாத்திரையைத் தன் கண் முன்னால் விழுங்க வைத்தவர், பாம்புக் கடிக்கு ஓடி வந்தவர், பிள்ளை பிறந்த தேதியை எழுதி வைத்தவர் அவர்தான். எல்லா டிரசரும் நல்லவர் என்று சொல்ல மாட்டேன். உடம்பு சரியில்லை என்று வந்தவரை “போ, வேலைக்குப் போ” என்று விரட்டியவர்களும் உண்டு. சம்பளம் கொடுப்பவர் முதலாளி என்பதால் அவர் யார் பக்கம் நிற்பார் என்ற சிக்கல் எப்போதும் இருந்தது. ஆனாலும் அவர் அங்கேயே இருந்தார், லயத்து வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்.

தோட்டம் தனியார் நிலம், அது முதலாளியின் பொறுப்பு என்று கருதப்பட்டதால், கம்பங்களுக்குப் போன அரசாங்கச் சுகாதாரச் சேவை தோட்டத்து வாசலில் நின்றுவிட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பல தோட்ட ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டன. டிரசரும் போனார்.

இதை ஏன் சொல்கிறேன்? ராஜாங் ஆற்றங்கரையில் நீள வீட்டில் வாழும் இபான் பாட்டியும் நம் தோட்டத்துப் பாட்டியும் இந்த விஷயத்தில் சொந்தக்காரர்கள். ‘அந்த இடத்துக்கு யார் போவா?’ என்று நம்மைப் பார்த்தும் ஒரு காலத்தில் சொன்னார்கள்.

இன்று ஏன் ஆள் நிற்பதில்லை?

பொறுப்பில்லை, தியாக மனப்பான்மை இல்லை என்று இளையவர்களைத் திட்டுவது சுலபம். அது முழு உண்மை கிடையாது. அங்கே போய் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காரணங்கள் மிகச் சாதாரணமானவை.

வீடு: குவார்ட்டர்ஸ் ஒழுகினால், தண்ணீர் வராவிட்டால், மனம் சீக்கிரமே சலித்துவிடும்.

துணை: கணவனுக்கோ மனைவிக்கோ அங்கே வேலை கிடைக்காது. குடும்பம் இரண்டாகப் பிரியும்.

பிள்ளைகள்: சபாவிலும் சரவாக்கிலும் தமிழ்ப்பள்ளி கிடையாது. என் மகள் முதலாம் ஆண்டுக்குப் போகும் வயதில்தான் நானும் மாற்றல் கேட்டேன். அதே காரணத்தோடு இன்று ஒருவர் வந்தால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

தனிமை: தீபாவளி அன்று கிளினிக்கில் நான் ஒருவனே தமிழன். நீள வீட்டுக்காரர்கள் ஆற்று மீன் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “உன் பெருநாள்தானே இன்றைக்கு?” என்று கேட்டார்கள். அதை மறக்க முடியாது. ஆனால் எல்லா நாளும் தீபாவளி இல்லை.

படிப்பு: நிபுணராக வேண்டும் என்று ஆசைப்படும் இளம் டாக்டருக்குப் பெரிய மருத்துவமனையில்தான் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். உட்பகுதிக்குப் போனால் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் நியாயமானதே.

வேலை உறுதி: 2016 டிசம்பர் முதல் அரசாங்க டாக்டர்களை ஒப்பந்த முறையில் எடுக்கத் தொடங்கினார்கள். நிரந்தரப் பதவி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 26 அன்று நாடு முழுவதும் ஒப்பந்த டாக்டர்கள் வெளிநடப்புச் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், ‘உலுவில் போய் 5 வருடம் இரு’ என்று எந்த முகத்தோடு கேட்பது?

நான் வந்த பிறகு அந்தக் கிளினிக்கில் என் இடம் பல மாதங்கள் காலியாக இருந்தது. தாதி ஒருவரே இரண்டு பேர் வேலையையும் பார்த்தார். அவர் எப்படி நின்றார் தெரியுமா? அவர் அந்த ஆற்றுக்காரர். கீழே நாலாவது நீள வீடு அவருடைய அம்மா வீடு. அவரைப் பொறுத்தவரை அந்த இடம் ‘உலு’ இல்லை, ஊர். இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதியே இதுதான்.

என்ன செய்தால் நிற்பார்கள்?

உலகச் சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டியை 2021ல் புதுப்பித்தது. பல நாடுகளின் அனுபவத்திலிருந்து வந்த முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று, கிராமப்புறத்தில் பிறந்து வளர்ந்த மாணவர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது. படித்து முடித்த பிறகு அவர்கள்தான் அதிகமாகத் திரும்பிப் போகிறார்கள். படிக்கும்போதே கிராமப் பயிற்சி கொடுப்பது, வீடு, சம்பளம், பதவி உயர்வு, பாதுகாப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கவனிப்பது ஆகியவையும் அதில் உண்டு. ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

ஜப்பான் இதை 1972லேயே செய்தது. ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகத்தை மாநில அரசுகள் கூடி அமைத்தன. ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் இரண்டு மூன்று மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பட்டம் பெற்றபின் சொந்த மாநிலத்தில் 9 வருடம் சேவை செய்தால் படிப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் வழிகள் கண்டிருக்கிறோம். 1971 மருத்துவச் சட்டம் டாக்டர்களுக்குக் கட்டாய அரசாங்க சேவையைக் கொண்டுவந்தது. 1973ல் சரவாக்கில் பறக்கும் டாக்டர் சேவை தொடங்கியது. ஹெலிகாப்டரில் குழு போய் வரும். அது பெரிய உதவி. ஆனால் ஹெலிகாப்டர் மாதத்தில் சில மணி நேரம்தான் தரையிறங்கும், அதுவும் வானிலை விட்டால். இடைப்பட்ட நாட்களில் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, குழந்தை எடை கூடியதா என்று பார்க்க ஊரிலேயே ஒருவர் வேண்டும். சரவாக்கில் கிராமத் தொண்டர்களைத் தேர்ந்தெடுத்து அடிப்படைப் பயிற்சி கொடுத்தது இதற்காகத்தான்.

டாக்டர் டியூடர் ஹார்ட்டின் கதையை முடிக்கவில்லையே! 1961ல் அந்தச் சுரங்கக் கிராமத்துக்குப் போனவர் அங்கேயே பல பத்தாண்டுகள் இருந்தார். ஊரில் உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் இரத்தக் கொதிப்பை அளந்து, கூடியிருந்தவர்களை விடாமல் கவனித்தார். 25 வருடத்துக்குப் பிறகு கணக்குப் பார்த்தபோது, பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே இளவயது மரணம் குறைவாக இருந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. அளக்கும் கருவி, ஒரு பதிவேடு, இடத்தை விட்டுப் போகாத ஒரு டாக்டர்.

நாம் என்ன செய்யலாம்?

படிவம் 5 முடிக்கப் போகிறவர்களுக்கு: மருத்துவத் துறை என்றால் டாக்டர் மட்டும்தான் என்ற நினைப்பை முதலில் கழற்றி வையுங்கள். தாதி, உதவி மருத்துவ அதிகாரி, மருந்தாளர், ஆய்வுக்கூடப் பணியாளர் எல்லோரும் சேர்ந்துதான் ஒரு கிளினிக். எஸ்.பி.எம். முடித்தவர் 3 வருட டிப்ளோமா படித்து உதவி மருத்துவ அதிகாரி ஆகலாம். டாக்டர் இடம் கிடைக்கவில்லை என்று கடன் வாங்கி, வெளிநாடு போய், பாதியில் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் அருமையான தாதிகளாக ஆகியிருப்பார்கள்.

மருத்துவம் படிக்கிறவர்களுக்கு: சபா, சரவாக் கடிதம் வந்தால் உடனே அப்பீல் எழுத உட்காராதீர்கள். ஒரு ராத்திரி யோசியுங்கள். உண்மையான தடை இருந்தால், வயதான பெற்றோர், நோய், சின்னக் குழந்தை என்று எதுவாக இருந்தாலும், தாராளமாக எழுதுங்கள், அதில் வெட்கம் இல்லை. ‘தூரம்’ என்பது மட்டும்தான் காரணம் என்றால், போய் 2 வருடம் இருந்து பாருங்கள். பெரிய மருத்துவமனையில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று பார்க்கும் வேலையை அங்கே நீங்களே கையால் செய்வீர்கள்.

பெற்றோருக்கு: பிள்ளை போகிறேன் என்றால் அழுது தடுக்காதீர்கள். விமானம் ஏறிப் போய் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள்.

கிளைகளுக்கு: உங்கள் வட்டாரத்தில் இன்னும் தோட்டத்தில் இருக்கும் குடும்பங்கள் எத்தனை, அவர்களுக்கு மிக அருகில் உள்ள கிளினிக் எது, வாகனம் இல்லாத முதியவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை கோவிலில் மருத்துவ முகாம் வைத்து, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு அளந்து, படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அளவு கூடியிருந்தவர் அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போனாரா? அதைக் கேட்கவும், தேவைப்பட்டால் காரில் கூட்டிப் போகவும் இரண்டு பேர் பொறுப்பேற்றால், அந்த முகாம் பத்து மடங்கு பயன் தரும். டிரசர் செய்த வேலையின் முக்கியமான பாதி இதுதான்: அதே ஆளை மறுபடியும் போய்ப் பார்ப்பது.

வகுப்பில் கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் பிறந்த பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள். உடம்புக்கு முடியாதபோது அவர்கள் யாரிடம் போனார்கள்? எவ்வளவு நேரம் ஆனது? வகுப்பில் வந்து சொல்லுங்கள்.

2. பற்றாக்குறையின் மூன்று வகைகளில் உங்கள் வட்டாரத்தில் எது இருக்கிறது? ஓர் உதாரணம் தாருங்கள்.

3. மருத்துவச்சிக்குக் கிளினிக்கோடு வீடும் கட்டிக் கொடுத்தது ஏன் பலன் தந்தது? இன்றைக்கு அதே யோசனையை எப்படிச் செய்யலாம்?

4. கட்டாயமாக அனுப்புவது, ஊரிலிருந்தே ஆளைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வைப்பது, இரண்டில் எது நீண்ட நாள் நிற்கும்? இரண்டு அணியாகப் பிரிந்து வாதிடுங்கள்.

5. உங்களுக்கே கபிட்டுக்கோ கெனிங்காவுக்கோ பணியிடக் கடிதம் வந்தால், போவதற்கு என்னென்ன உதவி வேண்டும்? ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலை அடுத்த இதழுக்கு அனுப்பி வையுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.